ஆமைப் பதவி

ஜூன் 8, ஞாயிறு

இன்று நடுத்திட்டு ராஜ்யத்துக்கு ஒற்றர் படை அமைத்தோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கம்தான் எங்கள் ராஜ்யம். பஸ் பாலத்தில் ஏறியதும் எல்லை தொடங்கிவிடும். நாள் முழுக்கத் தூங்கும் ராஜா நான். அது என் மகள் குழலியின் ஏற்பாடு. பிரிந்த பிறகு என் மனைவி யமுனாவும் அவளும் ஸ்ரீரங்கத்தில், நான் தென்னூரில். ஞாயிறு மட்டும் என் முறை.

கடைநிலை ஒற்றர் எறும்பு. எந்த வீட்டில் என்ன சமையல், யாருக்குச் சமையல் என்று மோப்பம் பிடித்து வர வேண்டும். அதற்கு மேல் பல்லி, சுவரில் ஒட்டிக்கொண்டு பேச்சைக் கேட்கும். அதற்கும் மேல் காக்கை. யார் வந்தார், எப்போது போனார் என்று பார்ப்பது அதன் வேலை. உச்சப் பதவி ஆமை. எல்லாம் தெரிந்தும் தலையை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

"ராஜா கேட்டா?"

"ராஜா கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொல்லணும்."

"அப்புறம் எதுக்கு அதுக்குச் சம்பளம்?"

"யாராவது ஒருத்தர் சொல்லாம இருக்கணும்லப்பா."

பத்து வயதுக்கு வாய் அதிகம்தான். நானும் விடவில்லை. ஆமைக்கு ஆயுசு கெட்டி, அதனால் பதவியும் ஆயுசுக்கும், ராஜாவே நினைத்தாலும் நீக்க முடியாது என்று உத்தரவு போட்டேன். முன் சீட்டு அம்மாள் திரும்பி எங்களை ஒரு மாதிரி பார்த்தார். குழலியை எறும்பாக நியமித்தேன்.

ஜூன் 11, புதன்

கடையில் இன்று ஒருவரின் மூக்குக் கண்ணாடியில் இடது, வலது லென்ஸை மாற்றிப் பொருத்திவிட்டேன். ஞாயிறு சீக்கிரம் வந்தால் தேவலை.

ஜூன் 15, ஞாயிறு

எறும்பின் முதல் அறிக்கை. "வெள்ளிக்கிழமை பிரதீப் அங்கிள் வந்தாருப்பா. அம்மா அடை சுட்டாங்க. அவியலும் இருந்துச்சு."

பிரதீப் யமுனாவின் ஆபீஸ்காரன். எனக்கு அடை வேண்டும் என்றால் மட்டும் மாவரைக்க நேரமிருந்ததில்லை அவளுக்கு. சிரித்துப் பேசினார்களா என்று கேட்டேன். சிரித்தார்களாம். எவ்வளவு நேரம் இருந்தான்? அது எறும்பு வேலை இல்லை, காக்கை வேலை என்றாள். அங்கேயே காக்கையாகப் பதவி உயர்வு கொடுத்தேன். துள்ளிக் குதித்தாள். நடுவில் பல்லியை விட்டுவிட்டோமே என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அதற்கும் சேர்த்துத்தான் என்றேன்.

இதற்குப் பெயர் விளையாட்டா? இல்லை என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

யமுனாவுக்கு போன் செய்தேன். குழலியின் ஸ்கூல் ஷூ பற்றித்தான் பேச்சை ஆரம்பித்தேன். எப்படியோ அங்கே போய் நின்றது. "கண்டவனுக்கெல்லாம் அடையும் அவியலுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "அன்னிக்கு வீட்ல இருந்தது நாங்க மூணு பேருதான்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஐயோ, என்ன பண்ணித் தொலச்சேன். புள்ளயக் காட்டிக் குடுத்துட்டேனே.

ஜூன் 22, ஞாயிறு

குழலிக்குக் காய்ச்சலாம். வரவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

வந்தாள். ஹோட்டலில் தோசை வந்தது. அம்மா திட்டினாளா என்று கேட்டேன். இல்லை என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

"அம்மா இப்ப என் முன்னாடி பேசறதே இல்லப்பா. போன் வந்தா மொட்ட மாடிக்குப் போயிடறாங்க. பெரியம்மா பண்ணாக்கூட." சொன்னவுடன் வாயைப் பொத்திக்கொண்டாள். இதுவும் அறிக்கையாகிவிடுமே என்று பயம்.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. தோசைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். சர்வர் தண்ணீரை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். குழலி என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

"நான் ஆமையாயிட்டேம்ப்பா," என்றாள்.

யார் நியமித்தது என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

எதைக் கேட்டாலும் தெரியாது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்றாலும் தெரியாது.

ஜூலை 13, ஞாயிறு

அதே.

ஜூலை 22, செவ்வாய்

யமுனா கடைக்கே வந்துவிட்டாள். வழக்கு, வக்கீல் ஏதாவது இருக்கும் என்று பயந்தேன். அது இல்லை.

"குழலி உங்ககிட்டயாவது பேசறாளா?"

இல்லை என்றேன்.

"அப்பா எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். தெரியாதுங்கறா. ஸ்கூல்ல எழுந்து பதில் சொல்ல மாட்டேங்கறாளாம். மிஸ் கூப்பிட்டுச் சொன்னாங்க."

ஹோட்டலில் நான் அழுததையும் அவள் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. எறும்பிலிருந்து ஆமை வரை யமுனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். நான் எதிர்பார்த்த ஒரு வசவும் வரவில்லை.

"நீங்கதானே ராஜா. நீங்களே நிறுத்துங்க," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. பாலத்தில் பஸ் நகரவில்லை, இறங்கி நடந்தே போனேன். குழலியை அம்மா மண்டபத்துக்கு அழைத்துப் போனேன். படித்துறை முழுக்கக் கூட்டம். ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. கடைசிப் படியில் காலை நனைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம்.

"ராஜா ஒரு உத்தரவு போடப் போறாரு," என்றேன். "ஒற்றர் படையைக் கலைச்சாச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். அம்மாகிட்ட எது வேணா சொல்லலாம், அப்பாகிட்டயும் எது வேணா பேசலாம். ராஜா இனிமே வேவு கேக்க மாட்டாரு. அவரு பண்ணது ரொம்பத் தப்பு."

கவனமாகக் கேட்டாள். எறும்பையும் பல்லியையும் காக்கையையும் கலைக்கலாமாம்.

"ஆமைய முடியாதுப்பா. ஆயுசுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுடா கண்ணு."

"அடையும் நான் விளையாட்டுக்குத்தாம்ப்பா சொன்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கூட்டத்தில் தொலைந்துவிடாமல் அவள்தான் என் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

வீட்டு வாசலில் யமுனா காத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் குனிந்து, "ஆத்துல தண்ணி நெறைய போகுதாடா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா," என்றாள் குழலி. அவள் பாவாடை ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது.