கீழமடைத் தண்ணீர் ஆலையும் தவசியின் விண்ணப்பமும்

அனுப்புநர்
மு. அன்னக்கொடி, பி.ஏ.,
க/பெ. முத்திருளன் (காலஞ்சென்றவர்),
தண்ணீர் ஆலை, கீழமடை,
சோழவந்தான் வழி, மதுரை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்.

பொருள்: கீழமடையில் மின்சார மாவு மில் அமைக்க என் கொழுந்தனார் தவசி கேட்டுள்ள அனுமதியை மறுக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த ஆலையை 1931இல் என் மாமனார் கால்வாய் இறக்கத்தில் கட்டினார். மடைப்பலகையைத் தூக்கினால் தண்ணீர் மரத்தூம்பு வழியே பாய்ந்து, அடியில் படுத்திருக்கும் சக்கரத்தைச் சுற்றும். அதன் அச்சே மேல்கல்லையும் சுற்றும். கேழ்வரகும் கம்பும் சூடேறாமல் மாவாகும். தானியம் விழாமல் மட்டும் கல் ஓடக் கூடாது. ஓடினால் கல்லைக் கல்லே தின்றுவிடும். என் கணவரிடம் இத்தொழிலைக் கற்றவர்கள் இருவர்: நானும், அவர் தம்பி தவசியும்.

2. சென்ற தெப்பத் திருநாளன்று பலகையை இறக்கி, ஆலையைப் பூட்டிவிட்டு வண்டியூர் போனேன். மறுநாள் காலை திரும்பியபோது பலகை இறங்கியே இருந்தது. உள்ளே தீய்ந்த வாடை, தரையெங்கும் கல்தூள். கற்களில் கொத்திய வரி ஒன்றுகூட மிஞ்சவில்லை. மேல்கல் விரிசல் விட்டிருந்தது.

3. பலகை இடுக்கில் ஈரக் களிமண் அப்பியிருந்தது. நீர் கசிந்து சக்கரம் அசையாதிருக்க எங்கள் வீட்டார் மட்டும் செய்வது அது. அன்று பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நான் அப்பவில்லை. கெடுக்க வந்தவரின் கை, போகும்போது பழக்கத்தில் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டது. அன்று மாலை தவசி கால்வாயில் கை கழுவியதைக் கால்வாய்க் காவலர் வீரணன் பார்த்திருக்கிறார், விசாரித்தால் சொல்வார்.

4. மாவரைக்க வந்து திரும்பிய பெண்கள் முன்னால் தவசி என்னிடம் கூறியது: "கல்லுக்கும் வயசாகும்ல மதினி. நம்ம கரண்டு மில்லு வரட்டும், உங்களுக்கு மட்டும் ஓசியில அரைச்சுத் தாரேன்." பெண்கள் சிரித்தார்கள்.

5. பொதுநலம் கருதி எழுதுவதாகத் தொடங்கி, அந்த வரியை அடித்துவிட்டேன். வேறு யார் மின்சார மில் வைத்தாலும் நானே போய் அரைப்பேன். தவசி வைக்கக் கூடாது. இது பகை என்று தாங்கள் எண்ணினால் தவறில்லை. ஆயினும் மேலே கூறியவை யாவும் உண்மை.

புதுக் கல் வாங்கித் தருவதாக இப்போது ஆள் விடுகிறார். மறுத்துவிட்டேன். அனுமதி கிடைத்துவிடும் என்று நம்பி, இருபோக வயலை விற்று இயந்திரத்தை வாங்கி இறக்கிவிட்டார். சாக்குப் போர்த்தியபடி அவர் வாசலில் கிடக்கிறது. ஐயா அவர்கள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் கையொப்பமிடாமல் இருந்தால் போதும். அது அங்கேயே துருப்பிடிப்பதை நான் பார்க்கத் தயவுசெய்ய வேண்டுகிறேன்.

இடம்: கீழமடை
நாள்: 26.2.1979

இங்ஙனம்,
மு. அன்னக்கொடி