ஒன்பது மணி நேரத் தூரம்

பெரியவனுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நீ நலமாக இருப்பதைப் போன செவ்வாய்க்கிழமை உன் அப்பாவே பார்த்துவிட்டு வந்தார்.

"ஒன்பது மணி நேரம் பறக்கணும்மா, நினைச்சா வர்ற தூரமா?" என்று மூன்று வருடமாகப் போனில் சொல்கிறாய். நானும் கேட்பவர்களிடமெல்லாம் அதையே சொல்லி, உன்னை விட்டுக்கொடுக்காமல் இருந்தேன். உன் அப்பாவோ உங்கள் ஊர் விமானம் இறங்கும் நேரம் பார்த்துத்தான் டாக்சியை ஏர்போர்ட் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். "அந்த ஊர்க்காரங்கள ஏத்தினா, பையன் இருக்கிற இடத்தப் பத்தி ரெண்டு வார்த்தை கேக்கலாம்ல" என்பார்.

அன்றைக்கு நீயே பெட்டியை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். அதை வாங்க இவர் ஓடி வருவதற்குள் ஹோட்டல் காரில் ஏறிப் போய்விட்டாய். வீட்டுக்கு வந்தவர், "யாரோ அவன மாதிரியே இருந்தான். நம்ம பையன்னா சொல்லாம வருவானா?" என்றார்.

எனக்குத்தான் மனது கேட்கவில்லை. உன் ஆபீசுக்குப் போன் போட்டேன். "மீட்டிங்குக்கு உங்க ஊருக்குத்தானே வந்திருக்கார், தெரியாதா?" என்றாள் போனை எடுத்த பெண். தெரியும் என்று சொல்லி வைத்தேன்.

ஏர்போர்ட்டிலிருந்து நம் வீடு இருபது நிமிடம். இதற்கும் பறக்க வேண்டுமா?

உன் அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இனி வந்தால் தைரியமாக முன்வாசல் வழியாகவே வெளியே வா. அவர் டாக்சியை இப்போது ரயில் நிலையத்தில் நிறுத்துகிறார்.

உன்னைப் பெற்றவள்