புகார்ப் பெட்டியில் போட்ட காகிதம்

10.7.07 செவ்வாய்
காலை ஆறு மணிக்கே சட்டையைப் பிழியலாம், அப்படிப் புழுக்கம். துபாய் ஜெபல் அலி யார்டில் எட்டு கண்டெய்னர். மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது, சட்டம். மெஸ் சுவரிலேயே நோட்டீஸ். அதைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு, ஒரு மணிக்கு மறுபடி யார்டு.

கம்பெனி வைத்த புகார்ப் பெட்டியை இன்னும் திறக்கவில்லை. ரூமில் எல்லோரும் சொல்லச் சொல்ல, இந்த மதிய வேலையைப் பற்றித் தமிழில் எழுதிப் போட்டது நான். பெயர் வேண்டாம் என்று பெட்டி மேலேயே இருக்கிறது.

வாங்க: சோப்பு, பிளேடு, தலைவலி மாத்திரை.

12.7 வியாழன்
திறந்துவிட்டார்கள். நாங்கள் தங்கும் கேம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் பாஸ் மலையாளி. தமிழ் பேசுவார், படிக்க வராது. காகிதத்தோடு என்னிடமே வந்தார்! எல்லோருக்கும் லீவு ஃபாரம் நிரப்பித் தருகிறவன் நான்தானே.

"இதைப் படிச்சு சொல்லு. எந்தாணு எழுதியிருக்கு?"

என் எழுத்தையே முதல் தடவை பார்ப்பதுபோல் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"யாரோட எழுத்து? உனக்கு அறியும். சொல்லலைன்னா ரூம்ல பத்துப் பேருக்கும் விசா கேன்சல்."

"செல்வம். ஊருக்குப் போற அன்னிக்குப் போட்டிருப்பான்" என்றேன்.

அவன் எங்கள் ரூம்காரன், 1ஆம் தேதி லீவில் ஊருக்குப் போனவன். "இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேண்ணே, ஊர்ல லோடு ஆட்டோ ஓட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். வராதவனுக்கு என்ன வந்துவிடப் போகிறது?

ரூமில் யாரிடமும் சொல்லவில்லை.

15.7 ஞாயிறு
நம்ப முடியவில்லை. பன்னிரண்டரைக்கு சூப்பர்வைசர், "கலாஸ், நிறுத்துங்க. மூணு மணிக்கு வாங்க" என்றான். ஷெட்டில் வரிசையாகப் படுத்தோம். ஆளாளுக்கு என் முதுகில் தட்டினார்கள். கூசியது. அவர்கள் தூங்கினார்கள், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு.

17.7 செவ்வாய்
தூசிக் காற்று. கண் எரிச்சல்.

செல்வம் போன்.

"அண்ணே, லோடு ஆட்டோ கத படுத்துருச்சு. இருபத்தி நாலாந்தேதி வர்றேன். நார்த்தங்கா ஊறுகா கொண்டாரவா?"

கொண்டுவா என்றேன். பாவி நான்.

ஆபீஸ் கிளார்க்கிடம் மெல்ல விசாரித்தேன். செல்வத்தின் விசா ஞாயிறே கேன்சலுக்குப் போயிருக்கிறது. "எழுதினது வேற ஆளா இருந்தா?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"அவனும் போவான். செல்வம் திரும்பி வர்றது மாஃபி, கெடையவே கெடையாது."



18.7 புதன்
ட்யூட்டி விட்டதும் நானே அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"மத்தியானம் ரெஸ்ட்டு குடுக்குறானுங்களா?"

"ஞாயித்துக்கெழமையிலேர்ந்து குடுக்குறாங்கடா."

"சரி, போன வைங்க."

அண்ணே என்று சொல்லவில்லை.