படகு திரும்புவதற்குள்

என்னங்க,

இன்று காலை மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை அண்ணாச்சி ஒரு துண்டு மாசியை என் கையில் வைத்து, "மோந்து பாருங்க டீச்சர், மாலத்தீவுச் சரக்கு" என்றார். மரக்கட்டை போல இறுகிக் கறுத்த சூரைமீன். புகையும் உப்பும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விசைப்படகின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகம் வெளிறி, கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்த உங்களைத்தான் பார்த்தேன்.

"என்ன டீச்சர், சிரிக்கிய?" என்று கேட்டார் அண்ணாச்சி. பழைய ஞாபகம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரிடம் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்துக் கதையை நீங்கள் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. நான் தொடங்கினால் நடுவில் புகுந்து உங்களுக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவீர்கள். இந்த முறை அது முடியாது.

அப்போது நமக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மாலத்தீவில் ஏதோ ஒரு சின்னத் தீவின் பள்ளிக்கூடத்தில் உங்களுக்குக் கணக்கு வாத்தியார் வேலை. நாசரேத்தில் எங்கள் வீட்டுக்கு விடைபெற வந்தபோது அப்பா கேட்டார். "அங்க தங்குறதுக்குத் தனி வீடு உண்டா மாப்ள?" "எல்லாம் உண்டு மாமா, ஒரு கொறையும் இல்ல" என்றீர்கள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். நானும் நம்பினேன். ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தும் என்னை வேலைக்கு அனுப்பாமல் வைத்திருந்த வீடு அது. எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்கிற பழக்கமே எனக்கு இல்லை.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, காலையிலேயே மாலேயில் இறங்கினோம். படகுத்துறைக்குப் போனால் நம் ஊர்த் தோணி ஒன்று வெங்காய மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தது. நாம் பேசுவது காதில் விழுந்து அதிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். தருவைகுளத்துக்காரர். நாம் போகிற தீவின் பெயரைக் கேட்டதும் என்னைப் பார்த்தார், பிறகு உங்களைப் பார்த்தார்.

"அக்காவையும் அங்கனயா கூட்டிட்டுப் போறிய? அஞ்சு மணி நேரம் ஆகும் அண்ணாச்சி. அலை தூக்கித் தூக்கிப் போடும்."

"கடலு நமக்குப் புதுசா தம்பி? நான் பொறந்ததே துறைமுகத்துப் பக்கம்" என்றீர்கள்.

துறைமுகத்துப் பக்கம் பிறந்தவர் அரை மணி நேரத்தில் படுத்துவிட்டார். தேரிக்காட்டுச் செம்மணலில் வளர்ந்து, வருஷத்துக்கு ஒருதரம் மணப்பாட்டுக் கடலில் கால் நனைத்த நான் பிஸ்கட் தின்றுகொண்டு பறக்கும் மீன்களை எண்ணினேன். நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்து, "ஏளா, ஒனக்கு ஒண்ணும் செய்யலயா?" என்று கேட்டீர்கள். அந்தக் குரலில் அக்கறையைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

பிற்பகலில் தீவு வந்தது. தென்னை மரங்களும் வெள்ளை மணலும். ஒரு தெருவில் நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரிகிற ஊர். புது வாத்தியாரைப் பார்க்க ஊரே படகுத்துறையில் நின்றது. புது வாத்தியார் இரண்டு பேர் கைத்தாங்கலில் இறங்கினார். குழந்தைகள் சிரித்தார்கள். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல மனிதர், மெதுவாகத்தான் ஆங்கிலத்தில் சொன்னார். தங்களுக்கு வந்த கடிதத்தில் எழுதியிருப்பது ஒரே ஒரு ஆள் என்றுதான். இடம் இருப்பதும் ஆண் ஆசிரியர்கள் மூன்று பேர் படுக்கும் அறையில் நாலாவது கட்டில்தான். ஒரு பெண்ணை அங்கே தங்கவைக்க முடியாது. இதே படகு ஒரு மணி நேரத்தில் திரும்புகிறது, அம்மா அதில் மாலேக்குப் போய்விடலாம், ஊருக்குப் போக டிக்கெட்டுக்கு அவரே ஏற்பாடு செய்கிறார்.

திரும்பிப் போனால் நாசரேத்தில் என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை. இத்தனை தண்ணீரைத் தாண்டி ஒற்றையாகப் போகவேண்டுமே என்பதுதான் பயம். நீங்கள் அவருக்குப் பதில் சொல்வீர்கள் என்று உங்கள் வாயையே பார்த்தேன். எந்த முடிவையும் அப்பா சொல்வார், இல்லையென்றால் அண்ணன் சொல்வான். அதுவரை எனக்கு அப்படித்தான்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "நீ என்ன சொல்லுத?"

நிஜமாகவே கேட்டீர்கள். கேட்டுவிட்டுக் காத்திருந்தீர்கள். ஊரே நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, நீங்கள் அவசரப்படுத்தவில்லை. கடைசியில், "நான் போகல" என்றேன். எனக்கே புதிதாக இருந்தது அந்தக் குரல்.

"அவ போகலயாம் சார்" என்று பதற்றத்தில் தலைமையாசிரியரிடம் தமிழிலேயே சொன்னீர்கள். பிறகு ஆங்கிலத்தில் ஒருதரம்.

அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஆமினா வந்தாள். பள்ளிக்கூடத்தைப் பெருக்கி, குடிதண்ணீர் வைப்பவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கும். தலைமையாசிரியரிடம் தங்கள் மொழியில் மளமளவென்று ஏதோ சொன்னாள். அவர் முகம் இளகியது. அவள் புருஷன் வேறொரு தீவில் ஓட்டல் வேலை பார்க்கிறான், மாதம் ஒருமுறைதான் வருவான், வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, நாம் இருவரும் அங்கே இருக்கலாம், ஆனால் நான் அவளுக்குப் பேச்சுத்துணையாக இருக்கவேண்டும் என்றாளாம்; தலைமையாசிரியர்தான் ஆங்கிலத்தில் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு வார்த்த கூடக் கெடயாதே, எப்படிப் பேசுவிய?" என்று என்னிடம் கேட்டீர்கள்.

ஆமினா அதற்குள் என் கையைப் பிடித்து, "ஆதே" என்றாள். வா என்று அர்த்தம் என்பது யாரும் சொல்லாமலே புரிந்தது. நான் நடந்தேன். நம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நீங்கள் பின்னால் வந்தீர்கள். படகு கிளம்பிப் போன சத்தம் கேட்டது, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் வீட்டில் தேங்காய்த்துருவலும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்த மாசி கொடுத்தாள். வெங்காயத்தை எடுத்துப் பார்த்து, "நம்ம தோணியில வந்ததா இருக்கும்" என்றீர்கள். அவள் உடனே, "தோணி, தோணி" என்று கடலைக் காட்டினாள். அவர்களும் படகை அப்படித்தான் சொல்கிறார்கள். பொதுவாக ஒரு வார்த்தை கிடைத்த சந்தோஷத்தில் மூன்று பேரும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தோம்.

பொழுது சாயும் நேரத்தில் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். "ஒண்ணு சொல்லணும். தனியாத்தான் போகணும்னு வேலை பிடிச்சுக் குடுத்த ஏஜெண்டு ரெண்டு வாரத்துக்கு முன்னாலயே சொல்லிட்டான். நாந்தான் மறைச்சிட்டேன்."

"ஏன்?"

"தனியா வர பயமா இருந்திச்சு."

எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. எழுந்து கொஞ்ச தூரம் நடந்தும் பார்த்தேன். அந்தத் தீவில் கோபித்துக்கொண்டு நடப்பதற்குப் போதிய இடம் இல்லை. பத்து நிமிடத்தில் சுற்றிக்கொண்டு உங்கள் முன்னாலேயே வந்து நின்றேன். நீங்கள் சிரிக்கவும் பயந்து, அடக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தீர்கள். "பயம்னா பயம்னு சொல்லுங்க. இனிமே எங்கிட்ட எதையாவது மறைச்சா, அடுத்த படகுல நான் போயிருவேன்" என்றேன். "மறைக்க மாட்டேன்" என்றீர்கள்.

அங்கே பதினோரு வருஷம் இருந்தோம். இரண்டாவது மாதமே சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்த ஆளில்லாமல் என்னையும் கூப்பிட்டார்கள். இன்றும் கருவாட்டுக் கடையில் என்னை டீச்சர் என்கிறார்களே, அது அங்கே தொடங்கியது. நம் மகள் முதலில் பேசியது ஆமினாவின் மொழி. அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மறைக்க மாட்டேன் என்ற அந்த வார்த்தையை நீங்கள் கடைசிவரை காப்பாற்றினீர்கள். போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னீர்கள். "எனக்குப் பயமா இருக்குளா" என்றீர்கள். அதனால்தான் அதன்பின் நீங்கள் இருந்த ஏழு மாதமும் நம்மால் ஒளிவுமறைவில்லாமல் பேச முடிந்தது, சீட்டு விளையாட முடிந்தது, நீங்கள் ஆட்டத்தில் ஏமாற்றுவதை என்னால் பிடிக்க முடிந்தது.

மகள் சென்னையிலிருந்து தினமும் போன் செய்கிறாள். நேற்றும் "எப்படிம்மா இருக்க?" என்று கேட்டாள். நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிடலாம். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் சொல்வார்கள். நான் சொன்னேன்: "மத்தியானம் உங்கப்பா சட்டையை மடிச்சு வைக்கும்போது அழுதேன். அப்புறம் பசிச்சுது. ரெண்டு தோசை கூடுதலாவே சாப்பிட்டேன்."

அதைக் கேட்டதும் அவளும் தன் மனதில் இருந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.