வெளியே வந்த பெயர்கள்

அன்புள்ள அருள்குமாருக்கு,

கோட்டைமேட்டிலிருந்து ரம்ஷா எழுதுகிறேன். முதலில் உன் அம்மா விஷயம். வெள்ளகோவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே சீரியல் பார்க்கிறார், சொன்னால் கேட்பதில்லை. நீ பெர்லினில் நிம்மதியாகத் தூங்கலாம். எனக்குத்தான் ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை.

இதை நாம் சேர்ந்து நிரல் எழுதும் இணையதளத்திலேயே எழுதியிருப்பேன். அங்கே எழுதினால் உலகமே படிக்கும். உன் மானத்தை ஊரறிய வாங்க வேண்டாமே என்றுதான் தனியாக எழுதுகிறேன்.

கல்லூரி முடித்த கையோடு நாம் இருவரும் 'கூடம்' மென்பொருளை எழுதினோமே, எதற்கு? யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து, தங்கள் ஆட்கள் கூடிப் பேச இணையத்தில் ஒரு மன்றம் வைத்துக்கொள்ளத்தானே? காரமடை விவசாயிகள் அதில் வாழை நோய் பற்றிப் பேசுகிறார்கள். சிங்காநல்லூரில் கீதா அக்கா மில் பெண்களுக்காக ஒன்று நடத்துகிறார். சூப்பர்வைசர்களின் அட்டூழியத்தை அந்தப் பெண்கள் புனைபெயரில் எழுதுவார்கள். நிஜப் பெயர் கீதா அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் நாம் கொடுத்த வாக்கு.

இப்போது உனக்கு நிதி தரும் கம்பெனிக்கு நிஜப் பெயர்கள் வேண்டுமாம். நான் பெருநாள் லீவில் இருந்த வாரத்தில், புதிய பதிப்பில் எல்லோர் பெயரும் வெளியே தெரியும்படி மாற்றிவிட்டாய். ஏன் என்று கேட்டால், மன்றம் நடத்துகிறவர்களிடம் கருத்துக் கேட்டேன், யாரும் மறுக்கவில்லை என்கிறாய். கீதா அக்காவின் பதிலைப் படித்தேன். 'நீங்க பாத்துச் செஞ்சாச் செரிதானுங்க தம்பி' என்று எழுதியிருக்கிறார். அதைச் சம்மதம் என்று சேர்த்துக்கொண்டாய். அடப்பாவி, நீ வெள்ளகோவிலில்தானே பிறந்தாய்? நம் ஊரில் யார் முகத்துக்கு நேராக வேண்டாம் என்பார்கள்? இந்தத் தம்பி நமக்குக் கெடுதல் செய்யாது என்று நம்பி எழுதிய வார்த்தை அது. வெள்ளைக்காரன் அதைச் சம்மதம் என்று நினைத்திருந்தால் மன்னித்திருப்பேன்.

கீதா அக்கா புதிய பதிப்பை முதல் ஆளாகத் தானே ஏற்றினார். மறுநாள் பழைய பதிவுகள் அத்தனையின் மேலும் நிஜப் பெயர்கள் நின்றன. ரங்கநாயகி என்ற பெண் எழுதியதை அவளுடைய சூப்பர்வைசரே படித்துவிட்டான். வேலை போயிற்று. ஹாஸ்டலிலிருந்து அவள் பையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். கீதா அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். போய்ப் பார்த்தேன். 'பஸ் ஸ்டாண்டுல என்ற பேரை எழுதி ஒட்டுனாப்புல பண்ணிப்போட்டீங்களேங்க' என்றாள். அப்போதும் மரியாதை குறையவில்லை அவளுக்கு. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கீதா அக்கா மன்றத்தை மூடிவிட்டார். மற்ற மன்றங்களுக்கு இந்தப் பதிப்பு வெள்ளிக்கிழமை தானாகவே போய்ச் சேரும். எங்கெங்கே யார் நடத்துகிறார்கள் என்பது நமக்கே முழுதாகத் தெரியாது. அங்கெல்லாம் எத்தனை ரங்கநாயகிகளோ! நிறுத்தும் அதிகாரம் உன் ஒருவன் கையில்தான் இருக்கிறது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று ஒரு வரி அனுப்புகிறாய். மீட்டிங்காம் மீட்டிங்!

நீ நிறுத்தாவிட்டால் நம் நிரலை அப்படியே நகலெடுத்து, வேறு பெயரில் நானே நடத்துவேன். தெரிந்தவர்களையெல்லாம் என் பக்கம் கூப்பிடுவேன். திறந்த மென்பொருள் இது, தடுக்க உனக்கு உரிமை கிடையாது. நேற்று அந்த வேலையைத் தொடங்கியும்விட்டேன். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் 'எழுதியவர்கள்: அருள்குமார், ரம்ஷா' என்று இருக்கிறது. நகலெடுத்தாலும் அதை அழிக்கக் கூடாது என்பது உரிமத்தின் விதி. விதி இல்லாவிட்டாலும் எனக்குக் கை வராது, அருள். அதுதான் கோபத்திலும் கோபமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்குள் நிறுத்திவிடு. உன்னை விட்டுப் பிரிந்து போக என்னை வைத்துவிடாதே. இறைவன் உனக்கு நல்ல புத்தியைத் தரட்டும்.

இன்னும் உன் தோழி,
ரம்ஷா