நீல டிரம்மில் வைக்கோல் கேஸ்

ஜூன் 8, ஞாயிறு. காப்பார் ஊர். மண்டையைப் பிளக்கும் வெயில்.
லோரி ஓட்டிப் போன இடத்தில் அறுவடை முடிந்து வைக்கோலை எரித்துக்கொண்டிருந்தார்கள். வானமே கறுப்பு. இவ்வளவு எரிகிற பொருளை ஏன் வீணாக்குகிறார்கள்? போனில் வீடியோ பார்த்தேன். வைக்கோல், சாணி, தண்ணீர். காற்றுப் புகாமல் மூடினால் புளித்து அடுப்புக் கேஸ் வரும். படித்தவன் பத்து வருஷம் படிப்பதை டீ ஆறுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.
எடுத்தது: ஐந்து கட்டு வைக்கோல் (மச்சானிடம் சொன்னது ஐம்பது). மாட்டுக்காரக் கோபாலிடம் சாணி. கேஸ் சேர, பழைய லோரி டியூப். என் சம்சாரம் சரோவின் நீல டிரம்.
"ஐயோ, அது தண்ணி கட்டுன்னு குழாய அடைக்கிற நாளுக்கு வெச்சிருக்கிற டிரம்ங்க! நான் எதுல பிடிச்சு வெப்பேன்?"
"அடுத்த தண்ணி கட்டுக்குள்ள உனக்கு ஓசி கேஸ் லா!"
வாய் முந்திவிட்டது.

ஜூன் 16, திங்கள். தூறல்.
டியூப் உப்பிவிட்டது! டிரம்மில் காதை வைத்தால் குளுகுளு. உள்ளே சம்பளம் இல்லாமல் யாரோ வேலை செய்கிறார்கள்.
பிரிக்பீல்ட்ஸிலிருந்து மச்சான் வந்தான். அவன் முன்னால் டியூப் வாயில் லைட்டரைக் காட்டினேன். லைட்டரே அணைந்தது. மறுபடியும் அதேதான்.
"மாமா, இதை பொம்பா வண்டிக்காரங்களுக்கு வித்துடுங்க. தீ அணைக்க ஆவும்."
எரிய வேண்டியது ஏன் அணைக்கிறது? திரும்ப வீடியோ. முதலில் வருவது எரியாத காற்றாம், திறந்து விட்டுவிட வேண்டுமாம். விட்டேன். மச்சானுக்கு மெசேஜ்: அதை டெஸ்ட் பண்ணத்தான் பத்த வெச்சேன்.

ஜூன் 27, வெள்ளி. வெயில்.
போனில் அறிவிப்பு. புதன்கிழமை தண்ணீர் வராது. சரோ டிரம் பக்கம் வந்து நின்றாள்.
"செவ்வாய்க்கிழமை காலைல கவுத்துக் கழுவிடுவேன். நாத்தம் தாங்கல."
டியூப் பாதிதான். வெயில் நாளில் சீக்கிரம் உப்புவதைக் கவனித்திருக்கிறேன். டிரம்மைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக்.

ஜூலை 1, செவ்வாய்.
காலையிலேயே சரோ. கையில் வாளி, பிரஷ்.
"தள்ளுங்க."
"ஒரே ஒரு தடவ."
டியூப் மேல் செங்கல். லைட்டர். பிடித்தது! நீல நெருப்பு. ஆள் உயரம் (கோபாலிடம் சொன்னது). உண்மையில் சாமி விளக்கு அளவு.
சரோ உள்ளே போனாள். காப்பிச் சட்டியோடு வந்தாள். கொதிப்பதற்குள் டியூப் சப்பை. வெதுவெதுப்பாகவே இரண்டு பேரும் குடித்தோம்.
"வைக்கோல இன்னும் பொடிசா வெட்டினா கொதிக்குமா?"
"கொதிக்கும்."
"சரி. எனக்கு வேற டிரம் வாங்கிட்டு வாங்க. இன்னைக்கே தண்ணி பிடிக்கணும்."
இரண்டு வாங்கினேன். ஒன்று தண்ணிக்கு.