கவிழ்த்து வைத்த கிண்ணம்

எல் கார்ரிசால்,
தவக்காலம், சனிக்கிழமை.

அன்பு மகள் யானெலிஸுக்கு,

அம்மா சுனில்டா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நானாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான். போனை எடுத்ததும் "ஆசி கொடும்மா" என்று கேட்காமல் நீ என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது இரண்டு நாளாகப் போனையே எடுக்கவில்லை. கேட்காதவளுக்கு ஆசியை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

குரல் பதிவு அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பேன் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாதல்லவா? அதனால்தான் பஸ் டிரைவர் எலிஹியோவிடம் கொடுத்தனுப்புகிறேன். நிதானமாகப் படி.

வியாழக்கிழமை நீ எழுதிய டிவி தொடரின் முதல் பாகம் வந்தது. கரண்ட் போனாலும் நம் வீட்டு டிவி நிற்காது என்பது, நீ இன்வெர்ட்டர் வாங்கி வைத்த நாளிலிருந்து ஊருக்கே தெரியும். அன்றும் பாதியில் போயிற்று. ஊர் முழுக்க "ஐயோ" என்று ஒரு சத்தம். அடுத்த நிமிடம் அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முப்பது பேர் நம் கூடத்துக்குள். என் ரோஜாத் தொட்டி உடைந்தது. யார் உடைத்தது என்று இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. தொடரின் முதல் காட்சியில் செத்துக் கிடந்த பெண்ணைக் கொன்றது யார் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது!

"எல்லாம் கற்பனைதாம்மா" என்றாய். நல்ல கற்பனை! பச்சை கேட் போட்ட பள்ளிக்கூடம், விசிறியால் மேசையைத் தட்டும் டீச்சர், தங்கப்பல் கடைக்காரன். குருடனுக்குக் கூடத் தெரியும், இது எந்த ஊர் என்று. மறுநாளே பெண்கள் தங்கப்பல் ஃபெர்மின் கடையைத் தாண்டிப் போய் அடுத்த தெருவில் அரிசி வாங்குகிறார்கள். அவன் என் வாசலில் நின்று, "நான் யாரை என்ன பண்ணேன்? உன் மக என்னைக் கொலைகாரனாக்கிட்டாளே! சரி, அதாவது போகட்டும், என் வேஷத்துக்கு அந்தத் தொப்பைக்காரன்தான் கிடைச்சானா?" என்று கத்திவிட்டுப் போனான். வாழைக்காய் விலை எழுதும் பலகையில் இப்போது 'நான் கொல்லவில்லை' என்று எழுதி மாட்டியிருக்கிறான். அதைப் பார்த்த பிறகு சந்தேகப்படாதவர்களும் சந்தேகப்படுகிறார்கள்.

கசில்டா டீச்சர் வெள்ளிக்கிழமை காலையில் வந்து, "என் மானத்தையே வாங்கிட்டா உன் பொண்ணு" என்று அழுதாள். சாயங்காலம் மறுபடி வந்து, "அடுத்த வாரமும் நான் வர்றேனா?" என்று மெதுவாகக் கேட்டாள். இன்று தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டு போகிறாள். இவர்களோடு நான் எத்தனை நாள் மல்லுக்கட்டுவது?

இதெல்லாம் போகட்டும். நான் எழுத உட்கார்ந்தது நம் பக்கத்து வீட்டு ஒதிலியாவைப் பற்றி.

அவள் மகள் ரோசாங்கெல் வீட்டை விட்டுக் காணாமல்போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே பெஞ்சில் அவளோடு உட்கார்ந்து படித்த உனக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் ராத்திரி சண்டை, ஒதிலியா கைநீட்டிவிட்டாள், விடிந்தால் பெண் இல்லை. யாரோ கடத்திவிட்டார்கள் என்று போலீஸில் சொன்னாள். நாமும் அதைத்தான் நம்பினோம்.

உன் முதல் பாகம் முடிகிற இடத்தில், சாவதற்கு முன்பு அந்தப் பெண் சாப்பிட்ட கிண்ணத்தைக் கழுவி, மேசையில் கவிழ்த்து, அடியில் வீட்டுச் சாவியை வைத்துவிட்டு வெளியே போகிறாள். "கொலைகாரன் வாசல்ல நிக்கிறான், போகாதடீ!" என்று கூடமே கத்தியது. ஒதிலியா மட்டும் எழுந்து நம் சமையலறைக்குப் போனாள். காபிக் கோப்பைகளைக் கழுவுகிறாள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடுகிறது, ஒரு கோப்பையைக் கவிழ்த்துவைத்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் வந்து கதவைச் சாத்தச் சொன்னாள். "அக்கா, அந்தச் சாவி விஷயத்த நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. போலீஸுக்கும் சொல்லல. அவளாத்தான் போனான்னு தெரிஞ்சா தேடாம விட்ருவாங்கன்னு பயந்தேன். கிண்ணத்தக் கவுத்தது அவ. நிமித்திப் பாத்தது நான். மூணாவது ஆளுக்குத் தெரியாது. உங்க மகளுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றாள்.

நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், யானெலிஸ். அந்த வாரம் நீ தலைநகரில் சித்தி வீட்டில் இருந்தாய். அப்படியானால் ரோசாங்கெல் போன பிறகுதான் உன்னிடம் பேசியிருக்கிறாள். எத்தனை வருஷமாக? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து ஒதிலியா கையால் சாப்பிட்டாயே, அவள் மகள் படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போது பக்கத்திலேயே நின்றாயே, உனக்கு எப்படியடி சோறு இறங்கியது? எனக்கு உன்மேல் வந்த கோபம் எழுத்தில் அடங்காது.

சொல்ல மாட்டேன் என்று தோழிக்கு வாக்குக் கொடுத்திருப்பாய். சரி, காப்பாற்று. விலாசம் நாங்கள் கேட்கவில்லை. ஒதிலியாவும் தேடிக்கொண்டு வர மாட்டாள். "உயிரோட இருக்காளா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்கக்கா" என்கிறாள். ஊருக்குக் கொலைகாரன் யாரென்று தெரிய இன்னும் பதினொரு வியாழன் ஆகட்டும், நானும் காத்திருக்கிறேன். பெற்றவளை அந்த வரிசையில் உட்கார வைக்காதே.

எலிஹியோ இரண்டு டப்பா தருவான். இரண்டிலும் தவக்காலத்து இனிப்புப் பயறுதான். திராட்சை போட்டது நான் செய்தது, உனக்கு. திராட்சை போடாதது ஒதிலியா செய்தது. ரோசாங்கெலுக்குத் திராட்சை பிடிக்காது என்று ஆறு வருஷமாக அவள் வீட்டில் யாருக்கும் திராட்சை கிடையாது. அந்த டப்பாவை நீ திறக்காதே. யாரிடம் சேர வேண்டுமோ அங்கே சேர்த்துவிடு. சாப்பிட்ட பிறகு அந்த வெறும் டப்பாவை எலிஹியோவிடமே திருப்பிக் கொடுத்தனுப்பு. கழுவக்கூட வேண்டாம். அதைப் பார்த்தாலே ஒதிலியாவுக்குப் போதும்.

கூடவே இன்னொன்றையும் சொல்லச் சொன்னாள். அன்று மகள் ஆசி கேட்காமல் போய்விட்டாளாம். ஆனாலும் தினமும் காலையில் கதவைத் திறந்து, கேட்க ஆளில்லாத வாசலைப் பார்த்து, "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாளாம். அதை ரோசாங்கெலிடம் சொல்.

உன் ஆசி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. டப்பா திரும்பி வந்ததும் போன் செய்து வாங்கிக்கொள்.

உன் அம்மா,
சுனில்டா